பேரப் பிள்ளைகள் வருகிறார்களாமே!

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. மகள் பிள்ளைகளோடு வருகிறாள், விடுமுறை மாதம் முழுக்க உன்னோடுதான் இருக்கப் போகிறார்கள் என்று படித்ததும் எனக்கே மனசு நிறைந்துவிட்டது. பேரனுக்கு ஆறு, பேத்திக்கு மூன்றரை. எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிற வயது இருவருக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எல்லாமே பளிச்சென்று தெரிகிறது என்று சந்தோஷப்படுகிறார். மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், அதனால் நான்கு வயதுப் பேத்தி பகலெல்லாம் எங்களிடம்தான். மழலையர் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, சின்னப் பிள்ளைகளின் சத்தம் இல்லாமல் எனக்கு என்னவோ போல் இருந்தது. இப்போது அந்தக் குறை இல்லை.

சரி, பிள்ளைகளை எதில் விளையாட வைப்பது என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். வாங்கி வைக்கப் போவதாக நீ எழுதியிருந்த பொம்மைகளின் பட்டியலைப் பார்த்தேன். ‘அறிவை வளர்க்கும்’ என்று பெட்டியின் மேல் போட்டிருக்கிறது என்பதற்காக எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கிற சாமான்களே போதும். அதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் கையில் ஒரு பொருளைக் கொடுத்த பிறகு, அதை வைத்து என்ன செய்வது என்று உடனே சொல்லிக் கொடுக்காதே. கொஞ்சம் பொறு. பெரியவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

என் அனுபவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. 2011இல் எலிசபெத் பொனாவிட்ஸ் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் மழலையர் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு ஒரு புதுவிதப் பொம்மையைக் கொடுத்துப் பார்த்தார்கள். இழுத்தால் கீச்சென்று கத்தும் குழாய் ஒன்று அதில் இருந்தது. அது போக, ஒளிந்திருக்கிற கண்ணாடி, விளக்கு, இசை என்று வேறு சிலவும் இருந்தன. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு அந்தக் கீச்சுக் குழாயை மட்டும், பாடம் சொல்வது போல இழுத்துக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு அப்படிக் கற்றுக்கொடுக்கவில்லை. பாடம் கேட்ட குழந்தைகள் பெரும்பாலும் அந்தக் குழாயோடு நின்றுவிட்டார்கள், சீக்கிரமே பொம்மையையும் கீழே வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் அதிக நேரம் விளையாடினார்கள், ஒளிந்திருந்ததில் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். குழந்தையின் பக்கத்திலிருந்து யோசித்தால் இது நியாயம்தான். விவரம் தெரிந்த ஒருவர் இதை மட்டும்தான் காட்டினார் என்றால், இதில் இருப்பதே இவ்வளவுதான் என்று அது எடுத்துக்கொள்கிறது.

அதற்காக அவர்களைத் தனியே விட்டுவிட்டு நாம் வேறு வேலை பார்க்கப் போகலாம் என்று அர்த்தம் இல்லை. பக்கத்தில் உட்கார வேண்டும். அவர்கள் எதைப் பார்க்கிறார்களோ அதை நாமும் பார்க்க வேண்டும். வாயை மட்டும் கொஞ்சம் அடக்க வேண்டும்.

முதல் நாளே தண்ணீரில் ஆரம்பி. ஒரு அகலமான தொட்டியில் பாதி தண்ணீர், விதவிதமான டம்ளர்கள், ஒரு புனல், ஒரு கரண்டி, ஒரு பஞ்சுத் துண்டு. இவ்வளவுதான் சாமான். பேத்தி ஊற்றுவாள், நிரப்புவாள், சிந்துவாள், மறுபடி ஊற்றுவாள். அவளுக்கு அதுவே போதும். பேரனிடம் மட்டும் ஒரு காரியம் செய்து பார். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்று. இரண்டும் சமம்தானே என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொல். பிறகு, ஒன்றில் இருப்பதை ஒல்லியான உயரமான கண்ணாடி டம்ளருக்கு அவன் எதிரிலேயே மாற்றிவிட்டு, இப்போது எதில் அதிகம் என்று கேள். உயரமாக இருப்பதில்தான் அதிகம் என்று அவன் சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் பியாஜே இதைத்தான் குழந்தைகளிடம் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதி வைத்தார். ஏழு வயதையொட்டித்தான் பெரும்பாலான குழந்தைகளுக்கு, பாத்திரம் மாறினாலும் தண்ணீர் மாறவில்லை என்பது பிடிபடுகிறது.

அவன் தப்பாகச் சொன்னதும் உன் மகள் திருத்தப் போவாள். அவளைத் தடுத்துவிடு. “எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று மட்டும் கேள். அவன் பழைய டம்ளருக்கே திருப்பி ஊற்றிப் பார்ப்பான், சமமாக இருக்கும். மறுபடி உயரமான டம்ளருக்கு மாற்றினால் மறுபடி அதிகம் என்பான். இருக்கட்டும். நாம் சொல்லி அவன் தலையாட்டுவதை விட, அந்தக் குழப்பம் அவனுக்குள் இருப்பது எவ்வளவோ நல்லது. மாதக் கடைசியில் அவனாகவே ஒரு நாள் அதை எடுத்து ஊற்றிப் பார்த்தால் எனக்கு உடனே எழுது.

தொட்டி வெளியே இருக்கும்போதே இன்னொன்றும் செய்யலாம். எண்ணெய் கலந்த மாடலிங் களிமண்ணை உருண்டையாக உருட்டிப் போட்டால் மூழ்கும். அதே களிமண்ணை மிதக்க வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. தட்டையாக்கி, ஓரத்தை மேலே மடித்து, கிண்ணம் மாதிரி ஆக்கினால் அது அதிகத் தண்ணீரை விலக்குகிறது, அதனால் மிதக்கிறது. இந்தக் காரணத்தை இப்போது அவனுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவன் கை கண்டுபிடித்தால் போதும்.

விளையாட்டு முடிந்ததும் தொட்டியை உடனே கவிழ்த்துவிடு. சில சென்டிமீட்டர் தண்ணீரே சின்னக் குழந்தைக்கு ஆபத்து. போன் மணி அடித்தாலும், கதவைத் தட்டினாலும், தண்ணீரும் பேத்தியும் இருக்கும் இடத்தை விட்டு எழுந்திருக்காதே.

ஒரு மாதம் தங்குகிறார்கள் என்பதில் ஒரு அழகான வசதி இருக்கிறது, கவனித்தாயா? நிலா ஒரு சுற்றுத் தேய்ந்து வளர்ந்து முடிய ஏறக்குறைய 29.5 நாள். அவர்கள் வந்த நாளிலிருந்து, தெரிகிற வடிவத்தைத் தினமும் ஒரு கட்டத்தில் வரைந்துவந்தால் முழுச் சுற்றும் ஒரே தாளில் வந்துவிடும். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. ஆகவே, பௌர்ணமிக்குப் பிறகு சில நாளிலேயே, குழந்தைகள் தூங்கிய பிறகுதான் அது வரும். அப்போது காலையில் தேடச் சொல். வெயிலடிக்கிற வானத்தில் நிலாவைக் கண்டுபிடித்த குழந்தையின் முகத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு அது அலுத்ததே இல்லை. தெரியாத நாட்களுக்குக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடு. ஏன் தெரியவில்லை என்று அவனே கேட்பான்.

அதே முதல் நாளில் உள்பக்கம் ஈரத் துணி சுற்றிய கண்ணாடிக் குவளையில், துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு மூன்று அவரை விதைகளையும் வைத்துவிடு. முதலில் வேர்தான் வரும், கீழ்நோக்கி. வேர் கொஞ்சம் நீண்டதும் குவளையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், அடுத்த ஓரிரு நாளில் வேர் வளைந்து மறுபடி கீழே போகும். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் செடிகளின் இந்த மாதிரி அசைவுகளை ஆராய்ந்து 1880இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார்கள். அப்பாவும் பிள்ளையுமாகச் செய்த வேலை என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

நிழலையும் விட்டுவிடாதே. காலையில் ஒரே இடத்தில் நிற்க வைத்துச் சாக்பீஸால் நிழலைச் சுற்றி வரை. நண்பகலிலும் மாலையிலும் அதே காலடியில் நிற்கச் சொல்லி மறுபடி வரை. நீளமும் மாறியிருக்கும், பக்கமும் மாறியிருக்கும். இதற்கு மேல் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பேசியே ஆக வேண்டிய இடமும் உண்டு. எண்கள் அப்படி. ராபர்ட் சீக்லர், கீதா ராமானி என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பள்ளியில் மிகவும் உதவியது. ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை கட்டங்கள் கொண்ட எளிய ஆட்டம். இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போல. அவ்வளவிலேயே குழந்தைகளின் எண்ணறிவு நன்றாகக் கூடியது. எண்ணுக்குப் பதில் நிறங்களை வைத்து அதே ஆட்டத்தை ஆடிய குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ரகசியம் காய் நகர்த்துகிற விதத்தில் இருக்கிறது. 5ஆம் கட்டத்தில் நிற்கிற காயை இரண்டு கட்டம் நகர்த்தும்போது “ஒன்று, இரண்டு” என்று சொல்லக் கூடாது. “ஆறு, ஏழு” என்று, கட்டத்தில் இருக்கிற எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு இது தானாக வராது. நாம்தான் கூடவே சொல்லிப் பழக்க வேண்டும். பேத்திக்கு ஒரு தாளில் பத்துக் கட்டம் போட்டுக்கொடு. நாணயத்தைச் சுண்டிவிட்டு, தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பேரனுக்குப் பாம்பும் ஏணியும் சரியாக இருக்கும். அங்கேயும் அதே முறைதான். 37இல் நின்று நான்கு விழுந்தால் “38, 39, 40, 41”.

கதைப் புத்தகம் படிப்பதிலும் நாம் பேசுவதை விட அவர்கள் பேச வேண்டும். 1988இல் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு, படிக்கும்போது ‘இது என்ன, இவன் என்ன செய்கிறான்’ என்று கேட்டு, குழந்தை சொன்ன ஒரு வார்த்தையை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றவர்களை விட முன்னே போய்விட்டது. கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணு. பேத்திக்குப் பதில் வர அவ்வளவு நேரம் ஆகும். ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்தால் சலிக்காமல் படி.

அப்புறம், பெரிய அட்டைப்பெட்டி ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாமல் வை. துணி மடிப்பது, காலுறைகளை ஜோடி சேர்ப்பது, கரண்டிகளை அளவு வாரியாக அடுக்குவது எல்லாம் அவர்களுக்கு விளையாட்டுதான். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பள்ளியில் கவனித்ததும் இதுதான்: பொம்மைகள் இருந்தும், பிள்ளைகள் நிஜ வேலையைத் தேடிப் போனார்கள். மெதுவாகத்தான் செய்வார்கள். அவசரம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடு.

நன்றாகச் செய்தால் பரிசு தரலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். 1973இல் மார்க் லெப்பரும் அவரோடு இருவரும், வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளிடம் சோதித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்த குழந்தைகள், பிறகு தாங்களாக விளையாடும் நேரத்தில் முன்பை விடக் குறைவாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று கொடுத்தவர்களிடம் அந்தக் குறை இல்லை. ஆகவே பேரம் பேசாதே. சும்மா ஒரு நாள் ஆசையாக ஏதாவது வாங்கிக் கொடுத்தால் தப்பே இல்லை.

போனைப் பற்றி நீ பயப்படுவது புரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி, இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. பேத்தி வயதுக்கு ஓடியாடும் நேரம் மூன்று மணியாவது வேண்டும், அதில் ஒரு மணி நேரம் நன்றாக மூச்சு வாங்க. போனைப் பிடுங்கிச் சண்டை போடுவதை விட, காலையிலேயே தொட்டியையோ பெட்டியையோ எடுத்து வெளியே வைத்துவிடு.

அவர்கள் வருவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் பொத்தான் பேட்டரி போட்ட பொருள்கள் என்னென்ன என்று பார். ரிமோட், சின்னத் தராசு, பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டை, எதில் வேண்டுமானாலும் இருக்கும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். சின்னச் சின்னக் காந்தங்களும் அப்படித்தான், ஒன்றுக்கு மேல் உள்ளே போனால் குடலோடு சேர்த்து ஒட்டிக்கொள்ளும். வெடித்த பலூன் துண்டும் கோலிக்குண்டும் பேத்திக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். யாராவது எதையாவது விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடு.

உன் தோள்வலி எப்படி இருக்கிறது? பேத்தியைத் தூக்கிக்கொண்டு அலையாதே, உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள். மாதக் கடைசியில் எங்கள் பேத்தியையும் அழைத்துக்கொண்டு உன்னிடம் வர நினைக்கிறோம். மருமகளிடம் கேட்டிருக்கிறேன், அவளும் சரி என்றுதான் சொல்வாள். எந்த நாட்கள் உனக்கு வசதி என்று மகளிடமும் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி