மேப் காருக்குத்தான் வழி சொல்கிறது

ஆசிரியருக்கு வணக்கம். தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து மதுரை பக்கத்துக் கப்பலூருக்கு கன்டெய்னர் ஏற்றி வருகிறவன் நான். போன வாரம் புதுக் கம்பெனிக்கு லோடு என்பதால் செல்போன் மேப்பை நம்பி வந்தேன். அருப்புக்கோட்டை, காரியாபட்டி வரை சரி. அப்புறம் பத்து நிமிடம் மிச்சமாகும் என்று ஒரு கிராமத்துச் சாலையில் இறக்கிவிட்டது. போனால் எதிரே ரயில்வே சுரங்கப்பாதை! உயரமான கன்டெய்னரே ஒன்பதரை அடி, டிரெய்லரோடு சேர்த்தால் பதினாலு அடிக்கு மேல், எப்படி நுழைவது? டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கிற வேதனை ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும், கிளீனரும் கிடையாது, ஊர்க்காரர்கள்தான் பின்னால் நின்று கை காட்டினார்கள்.

மேப்புக்கு காரும் ஒன்றுதான் டிரெய்லரும் ஒன்றுதான் போல. இப்போதெல்லாம் கிளம்பும் முன்பே சாட்டிலைட் படத்தில் திருப்பங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், லோடு இறக்குகிற இடத்துக்கு போன் போட்டு 'லாரி எந்தப் பக்கம் வரும்' என்று கேட்கிறேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் பாலத்தின் உயரத்தையும் எடை வரம்பையும் யார் வேண்டுமானாலும் பதியலாம், விவரம் தெரிந்த இளைஞர்கள் நம் பக்கத்துப் பாலங்களை ஏற்றினால் புண்ணியமாகப் போகும். நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரு வேண்டுகோள்: உயரப் பலகையைப் பாலத்தின் நெற்றியில் மட்டும் மாட்டாமல், மெயின் ரோட்டில் திரும்புகிற இடத்திலேயே ஒன்று வையுங்கள்.

– ஒரு லாரி ஓட்டுநர், திருமங்கலம்