அலமாரியில் இருக்கும் மூளையை மாணவர் கையில் கொடுங்கள்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். நர்சிங் மாணவிகளுக்கு உடற்கூறியல் எடுக்கிறேன். அதற்கு முன் நரம்பியல் ஐ.சி.யு.வில் பணிபுரிந்தவள். கழற்றிப் பார்க்கும் மூளை மாடலை வகுப்பிலும் பரீட்சையிலும் சேர்க்கக் கேட்டு எழுதுகிறேன்.

தலையில் அடிபட்டு வந்தவருக்கு மணிக்கொரு தடவை டார்ச் அடித்துக் கண்பாவையைப் பார்க்கிறோம். ஒரு பக்கம் மட்டும் விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். இது எல்லா மாணவிக்கும் தெரியும். ஏன் விரிகிறது, அதுவும் பெரும்பாலும் ரத்தம் கட்டிய பக்கமே ஏன் என்று கேட்டால், "பிரஷர் கூடுது மேடம்" என்பதோடு பதில் நின்றுவிடும்.

மூளையில் காதையொட்டிய பகுதியான டெம்போரல் மடலின் உள்பக்கம் அன்கஸ் என்று ஒரு சின்னப் புடைப்பு. அதையொட்டி டென்டோரியம் என்ற கெட்டிச் சவ்வின் விளிம்பு. அந்த விளிம்புக்கு நடுவிலுள்ள திறப்பில்தான் மூளைத்தண்டு இறங்குகிறது. மூளையிலிருந்து கண்ணுக்குப் போகும் மூன்றாவது நரம்பும் அந்த இடுக்கை ஒட்டியே முன்னால் போகிறது. மேலே ரத்தம் கட்டித் தள்ளும்போது அன்கஸ் திறப்புக்குள் பிதுங்கி நரம்பை நசுக்கும். கண்பாவையைச் சுருக்கும் இழைகள் நரம்பின் மேற்பரப்பில் ஓடுவதால் முதல் அடி அவற்றுக்குத்தான்.

இதைப் படத்தில் காட்ட முடியாமல் திண்டாடியிருக்கிறேன். பக்கவாட்டுப் படத்தில் அன்கஸ் தெரியாது. அடியிலிருந்து பார்க்கும் படத்தில் டென்டோரியம் இருக்காது. இப்போது பிரித்துக் கோக்கும் பிளாஸ்டிக் மூளையை எடுத்து, மூளைத்தண்டைச் சுற்றி அட்டையில் டென்டோரியம் வெட்டி வைத்து, மூன்றாவது நரம்புக்கு மஞ்சள் நூல் ஒட்டுகிறேன். டெம்போரல் மடலைத் தனியாகக் கழற்றி மாணவி கையில் கொடுத்து, "உள்ளே தள்ளும்மா" என்பேன். நூல் நசுங்குவதை அவளே பார்க்கிறாள். பிறகு விளக்கவே வேண்டியதில்லை.

அந்த அட்டையை நான் ஏன் வெட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வி. கடையில் கிடைக்கும் சாதாரண மாடல்களில் டென்டோரியம் கிடையாது. மூளைக்குள் திரவம் நிறைந்த அறையான வென்ட்ரிக்கிள் வெட்டுமுகத்தில் ஒரு குழிவு, அவ்வளவுதான். வென்ட்ரிக்கிளில் குழாய் போட்ட நோயாளிக்கு திரவம் வடிக்கும் டிரெய்னின் பூஜ்யக் குறியைக் காதுத்துளை மட்டத்தில் வைக்கிறோமே, வென்ட்ரிக்கிள்களை இணைக்கும் மன்றோ துளை ஏறக்குறைய அந்த உயரத்தில் இருப்பதால்தான். ஒளி ஊடுருவும் மாடலில் இது ஒரு பார்வையில் பிடிபடும். அதைப் புரிந்துகொண்டவள், கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினால் டிரெய்னையும் மறுபடி சரிபார்ப்பாள். இல்லாவிட்டால் திரவம் அளவுக்கு மீறி வடிந்துவிடும்.

ஃபார்மலினில் வைத்த நிஜ மூளைக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருத்துவக் கல்லூரியோடு சேராத நர்சிங் கல்லூரி அதற்கு எங்கே போகும்? கண்ணெரிச்சலோடு எத்தனை பேர் அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்க முடியும்? மொபைல் செயலிகள் வீட்டில் படிக்க நல்லவை. வகுப்பில் அவற்றை மாடலுக்கு மாற்றாகச் சொல்லாதீர்கள்.

செலவைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் வேண்டாம். பெயர் நீக்கிய எம்.ஆர்.ஐ. ஸ்கேனை '3டி ஸ்லைசர்' என்ற இலவச மென்பொருளில் மாடலாக மாற்றலாம். அதை அச்சிடும் 3டி பிரின்டர் பல பொறியியல் கல்லூரிகளில் இருக்கிறது. பல்கலைக்கழகமே ஒரு தரமான கோப்பைத் தயாரித்து, டென்டோரியமும் வென்ட்ரிக்கிளும் தனித்தனியாகக் கழலும்படி, இணைப்புக் கல்லூரிகளுக்கு இலவசமாகக் கொடுக்கலாம்.

அதைவிட முக்கியம் பரீட்சை. மதிப்பெண் இல்லாத எதுவும் நம் கல்லூரிகளில் அலமாரிப் பூட்டைத் தாண்டாது. இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் தூசி தட்டப்படும். படம் வரைந்து பாகம் குறிக்கும் கேள்வி இருக்கட்டும். அகமதிப்பீட்டில் ஒரு பங்கை மாடலுக்கு ஒதுக்குங்கள்: மூளையைக் கையில் கொடுத்து, "இங்கே ரத்தம் கட்டினால் எந்தக் கண்பாவை விரியும், தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள். நர்சிங்கோடு நிறுத்தாமல் இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கும் சேர்த்து, அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓர் உடற்கூறியல் ஆசிரியை