மண்ணைக் கொட்டி மாற்றிய மைதானம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
16 ஜூன் 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். பெரியம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக அக்கா சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் மனது ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்லுங்கள்.

லண்டனில் கால்பந்து மைதானத்தில் அமெரிக்க அணிகள் பேஸ்பால் எப்படி ஆடுகின்றன, தரை பாழாகிவிடாதா என்று போனில் கேட்டீர்கள். அவசரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. கோவில்பட்டியில் பள்ளி மைதானத்தை அத்தனை வருடம் கட்டிக் காத்தவர் நீங்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் பழைய மைதானம் என் வீட்டுக்குப் பக்கத்தில், அப்டன் பார்க்கில் இருந்தது. 1904 முதல் 2016 வரை அங்கேதான் ஆடினார்கள். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அணி, 2012 ஒலிம்பிக்குக்காக ஸ்ட்ராட்ஃபோர்டில் கட்டிய லண்டன் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது. என்னோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் பரம்பரை வெஸ்ட் ஹாம் ரசிகர். புது மைதானத்தின் மேல் அவருக்குத் தீராத கோபம். பழைய இடத்தில் கோட்டோரம் ஓடும் வீரர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்குமாம். இங்கே ஓடுபாதை குறுக்கே வந்து ஆட்டத்தைத் தொலைவுக்குத் தள்ளிவிட்டது என்கிறார். முன்வரிசை இருக்கைகளைப் பாதைக்கு மேல் நகர்த்திப் போட்டும் அந்த இடைவெளி முழுதாக மூடவில்லை. அவர் ஆற்றாமை நியாயமானதுதான்.

ஆனால் பெரியப்பா, பேஸ்பாலுக்கு இடம் கொடுத்ததே அந்த இடைவெளிதான். கால்பந்துக்கு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் போதும். பேஸ்பாலோ ஒரு மூலையில் தொடங்கி விரிகிற ஆட்டம். மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இரு பக்கமும் செங்கோணமாகக் கோடுகள் ஓடும். இங்கே ஒவ்வொரு கோடும் 330 அடி, அதாவது 100 மீட்டர். 68 மீட்டர் அகலத்துக்குள் அதை எங்கே அடைப்பது? பழைய அப்டன் பார்க்காக இருந்தால் பார்வையாளர் மாடத்தை இடித்தால்தான் உண்டு.

அப்படியும் நடுப்பக்கம் இடம் பற்றவில்லை. 2019-இல் முதன்முதலாக நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் வந்தபோது நடு எல்லைச் சுவர் 385 அடி தூரத்தில்தான் இருந்தது. அமெரிக்காவில் அது 400 அடியை ஒட்டி இருப்பது வழக்கம். குறைந்த தூரத்துக்கு ஈடாகச் சுவரை 16 அடி உயரமாக எழுப்பினார்கள். ஆனாலும் முதல் இன்னிங்ஸிலேயே ஒவ்வொரு அணிக்கும் ஆறு ஓட்டம்! ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் அந்த ஒரு இன்னிங்ஸே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இழுத்தது. கடைசியில் யாங்கீஸ் 17, ரெட் சாக்ஸ் 13. ஒரு அணி நான்கைந்து ஓட்டம் எடுத்தாலே போதும் என்கிற ஆட்டத்தில் இது. பழியெல்லாம் சுவருக்கே என்று சொல்லமாட்டேன், பந்துவீச்சும் அன்று படுமோசம். இருந்தாலும் அடுத்து வந்த ஆட்டங்களுக்குச் சுவரைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

இனி மண்ணுக்கு வருகிறேன், நீங்கள் காத்திருப்பது அதற்குத்தானே. 2019-இல் செயற்கைப் புல் பிரான்ஸிலிருந்து லாரியில் வந்தது. களிமண் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து கப்பலேறி வந்தது. இங்கிலாந்தில் மண்ணே இல்லையா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த ஆட்டம் கேட்கும் மண்ணே வேறு. ஆணிச் செருப்பு அழுந்தப் பிடிக்க வேண்டும், வீரர் சறுக்கி விழுந்தால் வழுக்கிக்கொண்டு போகவும் வேண்டும். பந்து எகிறுவதில் கோணல் இருக்கக் கூடாது. நம் கரிசலாக வெடிக்கவும் கூடாது, தேரி மணலாக உதிரவும் கூடாது. பந்து வீசுபவருக்கு 10 அங்குல உயரத்தில் ஒரு மேடு. அவர் கால் வைக்கும் பலகைக்கும் ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். ஒரு ஊழியர் அந்த மேட்டில் குனிந்து நின்று, கால் ஊன்றும் குழியில் ஈரக் களிமண்ணை வைத்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கியதைப் பார்த்தேன். இடித்தார், காலால் மிதித்துப் பார்த்தார், திருப்தி இல்லாமல் மறுபடி இடித்தார். நீங்கள் கிரிக்கெட் பிட்ச்சுக்கு உருளை இழுக்க வைத்த நாட்கள்தான் நினைவுக்கு வந்தன.

கால்பந்துப் பருவம் மே மாதம் முடிந்து ஆகஸ்டில்தான் மறுபடி தொடங்குகிறது. அந்த இடைவேளைக்குள் இத்தனையும் போட்டு, ஆடி, அள்ளி எடுத்துவிடுகிறார்கள். ஆகவே கால்பந்துத் தரைக்குக் கேடில்லை.

சென்ற ஞாயிறு நியூயார்க் மெட்ஸும் பிலடெல்பியா ஃபில்லீஸும் ஆடியதைப் பார்த்தேன். கடைசி இன்னிங்ஸில் மெட்ஸ் 6–5 என்று முன்னிலை. ஓட்டம் எடுக்க ஓடுபவர் தொட்டுப் போகும் மூன்று பேஸிலும் ஃபில்லீஸின் ஆட்கள் நிற்கிறார்கள். மூன்று பேர் அவுட்டானால் இன்னிங்ஸ் முடியும், அதுவரை ஒருவர்தான் அவுட். காஸ்டெல்லானோஸ் அடித்த பந்து மெதுவாக ஹோம் பிளேட்டுக்கு முன்னாலேயே உருண்டது. மட்டையாளருக்குப் பின்னால் நிற்கும் மெட்ஸ் கேட்ச்சர் டோரென்ஸ் பாய்ந்து எடுத்து, ஓடி வருபவர் சேருமுன் பிளேட்டை மிதித்து, மட்டையாளர் சேருமுன் முதல் பேஸுக்கு எறிந்தார். ஒரே பந்தில் இரண்டு அவுட், ஆட்டம் முடிந்தது. பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது, என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

அடுத்த கோடையில் நீங்கள் ஒருமுறை வந்து போக வேண்டும். கால்பந்து இல்லாத நாட்களில் அந்த மைதானத்தை உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அக்காவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். விசாவுக்கு வேண்டிய கடிதத்தை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
முருகேசன்