செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: தனித்திறன்கள் குறித்து நாம் எடுத்த முடிவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பகடையும் பென்சிலுமாக ஞாயிறுதோறும் கூடும் மன்றத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024–25ஆம் ஆண்டுக்கான அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். மழைக்காலத்தில் சில வாரங்கள் தவிர, ஞாயிறு ஆட்டங்கள் தடையின்றி நடந்தன. மாடி அறையின் ஒழுகல் அடைக்கப்பட்டது. நீள மேசை ஒன்று வாங்கியிருக்கிறோம். அலமாரிக்கு வந்த புதிய நூல்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. இவற்றை இவ்வளவோடு நிறுத்துகிறேன். ஆண்டு முழுவதும் நம்மைப் பேச வைத்ததும், சிலரிடையே மனக்கசப்பு வரை கொண்டுபோனதும் ஒரே பொருள்தான்: பாத்திரங்களின் தனித்திறன்கள்.

புதியவர்களுக்காகச் சிறு விளக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம். அதில் ஒரு பாத்திரத்துக்கு இனமும் தொழிலும் உண்டு. மந்திரவாதி என்றால் மந்திரம், வீரன் என்றால் வாள். அதற்கு மேல், இந்த ஒருவருக்கு மட்டும் உரியது என்று நாம் விரும்பிச் சேர்க்கும் ஆற்றல்தான் தனித்திறன்; ஆங்கிலத்தில் 'ஃபீட்'. 1974இல் பிறந்த இந்த ஆட்டத்துக்குள் அந்தப் பெயர் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் நுழைந்தது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதைக் கட்டாயமற்ற விதியாக்கியது. கதையை அமைத்து ஆட்டத்தை நடத்தும் கதைநடத்துநர் ஒப்புக்கொண்டால் மட்டுமே உண்டு. அதற்கு ஒரு விலையும் வைத்தது. ஆட ஆடப் பாத்திரம் நிலை நிலையாக உயரும். 4, 8, 12, 16, 19ஆம் நிலைகளில் எல்லாப் பாத்திரங்களுக்கும் திறன் மதிப்பில் இரண்டு புள்ளி கூடும். அந்தப் புள்ளிகளை விட்டுக்கொடுத்தால்தான் ஒரு தனித்திறன் கிடைக்கும்.

அந்த விலைதான் நம் மேசையில் ஒருவரைக் காயப்படுத்தியது.

ஆடி மாதம் தொடங்கிய தொடர் ஆட்டத்தில் ஆறு பேர் அமர்ந்தார்கள். நான்காம் நிலை வந்ததும் வில்லாளியாக ஆடியவர் 'ஷார்ப்ஷூட்டர்' எடுத்தார். அதே நாளில், அப்போதுதான் சேர்ந்திருந்த கல்லூரி மாணவி ஒருவர், வரைபடம் தீட்டும் தம் மந்திரவாதிக்கு 'கீன் மைண்ட்' எடுத்தார். வடக்கு எது என்று எப்போதும் தெரியும், சூரியன் உதிக்க எத்தனை நாழிகை என்று தெரியும், ஒரு மாதத்துக்குள் கண்டதும் கேட்டதும் மறக்காது. அவர் உருவாக்கிய பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று அந்த நூலில் இல்லை. ஆனால் அதோடு ஒற்றைத் திறன் புள்ளிதான் வரும். 16இலிருந்து 18 ஆகியிருக்க வேண்டிய அவருடைய அறிவுத்திறன் 17இல் நின்றது. பகடையோடு கூட்டிக்கொள்ளும் கூட்டெண் 17க்கும் 16க்கும் ஒரே எண்தான். ஆக, மந்திரத்தின் வலிமை ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

வில்லாளியின் பக்கம் என்ன நடந்தது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். அந்தத் தனித்திறனால் இருபது முகப் பகடையில் விழும் எண்ணில் 5 குறைத்துக்கொண்டு, சேதத்தில் 10 கூட்டிக்கொள்ளலாம். வில்லாளிக்குத் தாக்கும் கூட்டெண் 7, எதிரியின் கவச எண், அதாவது அம்பு தைக்க எட்ட வேண்டிய எண், 14 என்று கொள்வோம். சாதாரணமாக எய்தால் நூற்றுக்கு எழுபது முறை அம்பு தைக்கும். சராசரிச் சேதம் 8.5, ஆக ஓர் அம்புக்கு ஏறத்தாழ 6. ஐந்தைக் குறைத்து எய்தால் நூற்றுக்கு நாற்பத்தைந்து முறைதான் தைக்கும். ஆனால் சேதம் 18.5, ஓர் அம்புக்கு 8.3. எதிரியின் கவச எண் 19ஐத் தொடும்போதுதான் இரண்டும் ஏறக்குறைய சமமாகின்றன. அவ்வளவு கடினமான கவசம் வழியில் எத்தனை பேரிடம் இருக்கும்? பெரும்பாலான சண்டைகள், மற்றவர்களின் முறை வருவதற்குள் முடிந்துபோயின.

வில்லாளியைக் குறை சொல்ல மாட்டேன். நூலில் உள்ளதைத்தான் அவர் எடுத்தார். வடக்கு எது என்று தெரிய வேண்டிய ஒரு கட்டம்கூட இரண்டு மாதக் கதையில் வரவில்லை என்பதுதான் பெரிய தவறு. அந்தக் கட்டத்தை அமைத்துத் தருவது கதைநடத்துநரின் கடமை. அந்த மேசையின் கதைநடத்துநர் நான். தீபாவளிக்கு முன்பே அந்த மாணவி வருவதை நிறுத்திக்கொண்டார். காரணத்தைக் கேட்டபோது, "என் பாத்திரம் அங்கே தேவைப்படவில்லை" என்று மட்டும் சொன்னார்.

இதன் பிறகு நடந்த மூன்று செயற்குழுக் கூட்டங்களிலும் கருத்து வேறுபாடு கடுமையாகவே இருந்தது. தனித்திறன்களை அடியோடு நீக்கிவிடலாம் என்றார்கள் சிலர். மூன்றாம் பதிப்பை இன்றும் விடாமல் ஆடும் மூத்த உறுப்பினர்கள், நன்றாகத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்வதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதானே என்றார்கள். அவர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, இருந்தாலும் இதில் உடன்பட முடியவில்லை. அந்தப் பதிப்பில், சுற்றி நிற்கும் எதிரிகள் அனைவரையும் ஒரே முறையில் தாக்கும் 'வேர்ல்விண்ட் அட்டாக்' வேண்டுமென்றால் அதற்கு முன் நான்கு தனித்திறன்களை வாங்கியிருக்க வேண்டும். உடல் லாவகமும் அறிவும் தலா 13 இருக்க வேண்டும். அதாவது முதல் நாளே ஆறாம் நிலையைத் திட்டமிட வேண்டும். 'டஃப்னஸ்' எடுத்தவருக்குக் கிடைப்பது வெறும் 3 உயிர்ப்புள்ளி. அது தெரியாமல் எடுத்த புதியவர் பல மாதங்கள் அதைச் சுமந்து திரிவார். முதல் நாள் வந்தவரிடம் இப்படிப் பரீட்சை வைக்கக் கூடாது.

எனக்குத் தெளிவு தந்தது, இதே வகையைச் சேர்ந்த மற்றோர் ஆட்டமான பாத்ஃபைண்டரின் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு. அதில் வம்சத்துக்கு ஒரு கூடை, தொழிலுக்கு ஒரு கூடை, கைத்திறனுக்கு ஒரு கூடை, பொதுவுக்கு ஒரு கூடை. ஒன்றிலிருந்து எடுத்தால் மற்றொன்றில் குறையாது. சமைக்கத் தெரிந்த வீரன், சமைக்கத் தெரிந்த காரணத்தால் வாள்வீச்சில் பின்தங்க மாட்டான். நம் பூசல் முழுவதற்கும் காரணம், சண்டைக்கானதையும் மற்றதையும் ஒரே கூடையில் போட்டு வைத்திருந்ததுதான்.

ஆகவே தை மாதம் முதல் சோதனை முறையாக ஒரு விதியைக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முதல் நிலையிலேயே ஒரு தனித்திறன் விலையின்றித் தரப்படும். அது சண்டைக்கு வெளியே உதவுவதாக இருக்க வேண்டும். கீன் மைண்ட், லிங்க்விஸ்ட், ஆக்டர், செஃப் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. அவற்றோடு வரும் ஒற்றைத் திறன் புள்ளி மட்டும் கிடையாது. சண்டைத் தனித்திறன்களுக்கு முன்போலவே நான்காம் நிலையில் விலை உண்டு. ஒருவர் எதை எடுத்தாலும், மூன்று ஆட்டங்களுக்குள் ஒரு முறையாவது அது பயன்படும் கட்டத்தைக் கதைநடத்துநர் அமைத்தே தீர வேண்டும். இந்தக் கடைசி வரியை நான் வற்புறுத்திச் சேர்த்தேன்.

அந்த மாணவியை நேரில் சென்று அழைத்தோம், வந்தார். மாசி மாதத்தில் ஒரு நாள், கதையில் தரைக்கடியில் ஓடும் ஆற்றில் விளக்குகள் எல்லாம் அணைந்து, குழு திசை தெரியாமல் நின்றது. அவர் தாளை எடுத்து, முன் வாரங்களில் கடந்த ஒவ்வொரு திருப்பத்தையும் வரைந்து காட்டினார். வில்லாளிதான் முதலில் கை தட்டினார்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 செப்டம்பரில் வந்த புதிய பதிப்பையும் பரிசீலித்தோம். தனித்திறன் அதில் கட்டாயப் பகுதியாகிவிட்டது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் முன்வாழ்க்கைப் பின்னணியோடு ஒன்று கிடைக்கிறது. ஐந்தைக் குறைத்துப் பத்தைக் கூட்டும் பேரம் நீக்கப்பட்டுவிட்டது. இவை இரண்டையும் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் விவசாயி என்றால் உடல் உறுதி தரும் 'டஃப்', வணிகர் என்றால் அதிர்ஷ்டம் தரும் 'லக்கி' என்று பின்னணியோடு கட்டிப்போட்டிருப்பது ஏற்புடையதல்ல. நோஞ்சான் விவசாயியின் கதையையும் ஒருவர் சொல்ல விரும்பலாம். கீன் மைண்டிலிருந்து வடக்கை அறியும் அந்த வரியை எடுத்துவிட்டார்கள் என்பதிலும் எனக்கு வருத்தம் உண்டு.

தமிழாக்கக் குழுவின் பணி: ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வந்ததால், மூலத்தைக் குறிப்பிட்டு நாம் தமிழில் அச்சிட்டுப் பகிர முடிகிறது. ஆனால் அத்தொகுப்பில் இருந்த ஒரே தனித்திறன் 'கிராப்ளர்'. அதற்கு 'மற்பிடி' என்று பெயரிட்டோம். 2025 ஏப்ரலில் வந்த புதிய தொகுப்பில் மேலும் பல இருப்பதால் வேலை கூடியிருக்கிறது. 'ஃபீட்' என்பதற்கே சொல் தேடி இரண்டு ஞாயிறுகள் பேசினோம். 'வித்தை' என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 'கற்ற வித்தை' என்று இயல்பாக நாவில் வருகிறது. மாயவித்தையோடு குழம்பும் என்று மந்திரவாதிகளாக ஆடுவோர் சொன்னது நியாயமாகப் பட்டதால், 'தனித்திறன்' என்பதே நிலைத்தது. இந்த அறிக்கையிலும் அதையே பயன்படுத்தியிருக்கிறேன்.

மாடி அறையின் சாவியை வாரந்தோறும் சுமந்த துணைச் செயலாளருக்கும், தேநீர் பொறுப்பை ஏற்ற மூவருக்கும், பாத்திரத் தாள்களைத் தமிழில் வடிவமைத்தவருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

தை மாதம் முதல் சோதனை முறையில் உள்ள தனித்திறன் விதியை, கதைநடத்துநரின் கடமை பற்றிய வரியையும் சேர்த்து, மன்றத்தின் நிலையான விதியாக ஏற்குமாறு தீர்மானம் முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்புவோர் தலைவரிடம் பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்