காமன் கூத்து முகங்களுக்குச் செந்தூரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாசியில் மலையகத் தேயிலைத் தோட்டங்களில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியதும் வேடக்காரர்களுக்கு ஒப்பனைப் பொடி தேடும் வேலையும் தொடங்கிவிடும். சிவந்த முகம் வேண்டிய வேடங்களுக்குப் பூசும் செந்தூரத்தைப் பற்றிக் கூத்து மாஸ்டர்களும் பெற்றோரும் அறிய வேண்டியவற்றை எழுதுகிறோம்.

பளிச்சென்ற ஆரஞ்சு நிறமும் கைக்குக் கனமும் உள்ள பழைய செந்தூரம் ஈயத்தின் ஆக்சைட்டு. அதன் எடையில் 90 சதவீதம் ஈயம்தான். இன்னொரு சிவப்புப் பொடியான சாதிலிங்கத்தில் பாதரசம் இருக்கிறது. செம்மஞ்சள் பொடியான மனோசிலையிலும் மஞ்சள் அரிதாரத்திலும் ஆர்சனிக் என்ற நஞ்சு. காயமில்லாத தோல் வழியே செந்தூரத்தின் ஈயம் அதிகம் உள்ளே போவதில்லை என்பது உண்மை. ஆனால் கூத்தாடுகிறவர் விடியும்வரை வியர்க்கிறார், உதட்டை நக்குகிறார், இடையில் தேநீர் குடிக்கிறார், அதே விரலால் வெற்றிலை மடிக்கிறார். அப்படி வாய்வழியே போவதுதான் ஆபத்து. சிறுவர்கள் வேடம் கட்டினால் இன்னும் மோசம்: வயிற்றுக்குள் போகும் ஈயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்றே இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

அப்படியானால் குங்குமத்தைப் பூசலாமே என்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம் நெற்றிக்கு நல்லது; முகம் முழுக்கப் பூச ஆகாது. சுண்ணாம்பின் காரத்தால் சிவந்த மஞ்சள், வியர்வையின் புளிப்புப் பட்டதும் கோடுகோடாகப் பழைய நிறத்துக்கே திரும்பும். நிறம் நிற்கட்டும் என்று சுண்ணாம்பைக் கூட்டினால் தோல் வெந்துவிடும்.

கூத்துக்கு ஏற்றது காவி, அதாவது இரும்பு ஆக்சைட்டு. அழகுசாதனத்துக்கென்று விற்பதையே வாங்க வேண்டும். தரைச் சீமெந்தில் கலக்கும் சிவப்புப் பொடியில் வேறு உலோகங்களும் இருக்கக்கூடும். சிவப்புக் காவி 2 தேக்கரண்டி, மஞ்சள் காவி 1 தேக்கரண்டி, சிங்க் ஆக்சைட்டு அரைத் தேக்கரண்டி எடுத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். விரலில் எடுத்தால் வழியக் கூடாது. தேங்காயெண்ணெய் மட்டும் போட்டால் நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துக் குளிரில் உறைந்து கட்டிதட்டும். 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறையும் எண்ணெய். ஆகவே பாதிக்கு நல்லெண்ணெய் சேருங்கள். எண்ணெய் கூடினால் வியர்வையில் வழியும், குறைந்தால் பூச்சு வெடிப்பு விடும். பூசியபின் முகப்பவுடரை மெல்ல ஒற்றினால் நன்றாகப் பிடித்து நிற்கும். சமையல் அம்மியில் எந்தச் சாயத்தையும் அரைக்காதீர்கள். செந்தூரத்தின் பளபளப்பு காவியில் வராதுதான். இரவு வெளிச்சத்தில் அது பெரிய குறையாகத் தெரியாது.

கையிலுள்ள பொடி என்னவென்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரே கரண்டியால் தலைதட்டி அளந்து நிறுங்கள்; ஈயச் செந்தூரம் மஞ்சள் குங்குமத்தைவிடப் பல மடங்கு கனக்கும். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பாகப் பளபளத்தால் அது துணிச்சாயம். சுண்ணாம்புக் குங்குமம் எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சளாகும். வெங்காரம் (போராக்ஸ்) சேர்த்துச் செய்த குங்குமம் மட்டும் புளிப்புக்கு மாறாது, சுண்ணாம்புத் தண்ணீருக்குக் கறுக்கும்; இதை அறியாமல் நல்ல குங்குமத்தையே போலி என்று எறிந்துவிடுகிறார்கள். பொடியை நெருப்பில் போட்டுப் பார்க்கவே கூடாது, ஈயமோ பாதரசமோ இருந்தால் புகையாக மூச்சில் ஏறும். சிறிதளவு ஈயக் கலப்பை இவை எதுவும் காட்டாது. அதற்கு ஆய்வுகூடம்தான் வேண்டும்.

ஆஞ்சநேயருக்குச் சாத்திய செந்தூரம் கலந்த வெண்ணெயைப் பிள்ளைகளின் வாயில் வைக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். அது காவியா ஈயமா என்று கேட்டறியும்வரை நெற்றியோடு இருக்கட்டும்.

பெயின்ட்டில் ஈயத்துக்கு நம் நாட்டில் சட்ட வரம்பு இருக்கிறது. அவிழ்த்து விற்கும் சிவப்புப் பொடிகளின் பொதியிலும் சேர்மானம் எழுதப்பட வேண்டும் என்று உரிய அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். கோயில் கமிட்டிகளிடம் பழைய செந்தூரம் மிச்சமிருந்தால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கொட்டாமல், எரிக்காமல், போத்தலில் இறுக மூடிப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வேடம் கலைக்கும்போது முதலில் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் பிறகு சவர்க்காரம் போடுங்கள்.

இப்படிக்கு,
கூத்து ஒப்பனையாளர்கள் சிலர்,
ஹட்டன்.