மெதேயா யாரிடம் பேசுகிறாள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரேக்கத் துன்பியல் நாயகிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, யூரிப்பிடிஸின் நாடகத்தில் தன்னைக் கைவிட்ட கணவன் ஜேசனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொல்லும் மெதேயாவை ‘முதல் பெண்ணியவாதி’ என்கிறது. காட்டும் சான்று ஒன்றுதான்: பெரும்பொருள் கொடுத்துக் கணவனை வாங்கி, அவனையே நம் உடலுக்கு எசமானன் ஆக்கிக்கொள்கிறோம்; ஒரு முறை பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை கேடயத்தோடு களத்தில் நிற்பேன் என்று அவள் பேசும் இடம். பிரிட்டனில் வாக்குரிமை கேட்ட பெண்கள் தங்கள் கூட்டங்களில் வாசித்த உரை அது. அதன் சூட்டை நான் மறுக்கவில்லை.

ஆனால் கட்டுரையாளர் 251ஆம் வரியோடு நிறுத்திவிட்டார். அடுத்த வரியிலேயே, ‘உங்கள் கதை வேறு, என் கதை வேறு’ என்கிறாள். அவள் பேச்சைக் கேட்கும் கோரஸான (பாடகர் குழு) கொரிந்து நகரப் பெண்களுக்கு ஊரும் தந்தை வீடும் உண்டு. தொலைவில் உள்ள கொல்கிஸ் நாட்டிலிருந்து வந்த மெதேயாவுக்கு ஒன்றுமில்லை. சீர்வரிசைப் புலம்பலும் அவளுக்குப் பொருந்தாது. எந்தத் தந்தையும் அவளைக் கட்டிக்கொடுக்கவில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டு தானே ஜேசனோடு புறப்பட்டவள் அவள். பிறகு ஏன் அந்தப் பேச்சு? பத்து வரி தள்ளிப் போனால் விடை இருக்கிறது: கணவனைப் பழிவாங்க வழி கிடைத்தால் வாய் திறக்காதீர்கள் என்று கேட்கிறாள். கோரஸ் ஒப்புக்கொள்கிறது. பின்னால் வீட்டுக்குள் பிள்ளைகள் அலறும்போது ‘உள்ளே போகலாமா’ என்று தயங்குகிற அதே கோரஸ், போவதில்லை.

இன்னொன்று. தன்னை எவரும் எளியவளாக நினைக்கக் கூடாது, பகைவருக்குக் கொடியவள், நண்பருக்கு இனியவள் என்று 807ஆம் வரியிலிருந்து அவள் சொல்வது ஹோமரின் காவியத்து அக்கிலீஸ் போன்ற வீரர்களின் அறம். கி.மு. 431இல் ஏதென்ஸில் அதைப் பேசியவரும் பெண் முகமூடி அணிந்த ஓர் ஆண் நடிகர். அவளுடைய ‘வலிமை’ எங்கிருந்து இரவல் வாங்கப்பட்டது என்று கேட்பதும் பெண்ணிய வாசிப்புதானே?

அரசாணையை மீறிச் சகோதரனை அடக்கம் செய்த, சோஃபக்ளிஸின் நாயகி ஆன்டிகனி விஷயத்திலும் இதே வெட்டு. கணவனோ பிள்ளையோ இறந்திருந்தால் நகரத்தை எதிர்த்திருக்க மாட்டேன்; கணவன் போனால் வேறொருவன் கிடைப்பான், பெற்றோர் மறைந்தபின் அண்ணன் தம்பி கிடைக்கமாட்டான் என்று அவள் கணக்குப் போடும் வரிகள் (905 முதல்) கட்டுரையில் இல்லை. அவை இடைச்செருகலாக இருந்துவிடாதா என்று ஜெர்மன் கவிஞர் கதேயே ஆசைப்பட்டார். அரிஸ்டாட்டில் அந்த இடத்தை எடுத்தாண்டிருக்கிறார். எனவே இடைச்செருகலே என்றாலும் மிகப் பழையது. சங்கடமாக இருக்கிறது என்பதற்காகத் தாண்டிப் போக முடியாது.

கணவன் அகமெம்னனைக் கொன்று, மகன் ஒரெஸ்டஸ் கையால் இறந்த கிளைடெம்னெஸ்ட்ராவை ஒரே பத்தியில் முடித்துவிட்டது கட்டுரை; அவளுக்குத்தான் கூடுதல் இடம் தந்திருக்க வேண்டும். கி.மு. 458இல் மேடையேறிய ஈஸ்கிலஸின் முத்தொடரில் அவள் பேச்சை மட்டும் பார்த்தால் போதாது. அவள் இறந்தபின் மகன் மீது நடக்கும் கொலை வழக்கையும் படிக்க வேண்டும். தாய் பெற்றவளே அல்ல, ஆண் இட்ட விதையைக் காப்பவள் மட்டுமே என்று ஒரெஸ்டஸுக்காக வாதாடுகிறான் கடவுள் அப்போலோ. அதற்கு அவன் காட்டும் சான்று, தாயில்லாமல் பிறந்த தெய்வம் அதீனா. அவளும் ஒரெஸ்டஸுக்கே வாக்களிக்கிறாள். வாக்குகள் சமம், தாயைக் கொன்றவன் விடுதலை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்