கைதுக்கு முதல் பக்கம், விடுதலைக்கு மூன்று வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிப் பிள்ளைகள் செய்தியே பார்ப்பதில்லை என்று பெரியவர்கள் பலர் வருத்தப்படுகிறார்கள். நான் தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் போய் முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் செய்தி பார்க்கிறோம். ஆனால் குண்டுவெடிப்பு, தீவிரவாதி கைது என்று எது வந்தாலும், சொன்னது எந்தக் கட்சிக்காரர் சேனல் என்றுதான் முதலில் பார்க்கிறோம்.

தீவிரவாதச் செய்திகளில் ஊடகச் சார்பு பற்றிச் சென்ற மாதம் வகுப்பில் கருத்தரங்கு நடந்தது. முஸ்லிம்கள் அதிகம் வாழும் கீழக்கரையிலிருந்து வரும் தோழி நார்வேயில் தொடங்கினாள். 2011 ஜூலை 22-இல் அங்கே 77 பேர் கொல்லப்பட்டபோது, முதல் சில மணி நேரம் பெரிய ஊடகங்கள் பலவும் இஸ்லாமிய அமைப்புகளைத்தான் கை காட்டின. செய்தவன் அந்த நாட்டு வலதுசாரி வெறியன். அப்புறம் தன் வீட்டுக் கதைக்கு வந்தாள். சென்னையில் வேலை கிடைத்த அவள் அண்ணன், சொந்த ஊர் கீழக்கரை என்றதும் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். யாரோ ஒருவரை விசாரணைக்கு அழைத்தாலே ‘ராமநாதபுரம் வாலிபர்’ என்று தலைப்பில் போடுகிறார்களே, அது இப்படித்தான் வந்து விடிகிறது.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் நண்பன் அதிகம் பேசமாட்டான். அன்று எழுந்தான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் தடா என்ற தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தின் தனி நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. “இந்த 19 பேர் சங்கதி யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டான். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் 2019 ஈஸ்டர் அன்று இலங்கையில் நடந்த குண்டுவெடிப்புகளைப் பற்றிப் பேசினேன். கச்சத்தீவுத் திருவிழாவில் அக்கரைச் சனங்களோடு சேர்ந்து பூசை காண்பவர்கள் நாங்கள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலில் விழுந்த அடி எங்கள் வீட்டில் விழுந்த மாதிரி இருந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் செத்தார்கள். இங்கே நாடாளுமன்றத் தேர்தல் நேரம். நான் பார்த்த விவாதங்களில் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே இல்லை, யாருக்கு ஓட்டு என்பதுதான் பேச்சு. முதலில் 359 என்று சொல்லப்பட்ட சாவு எண்ணிக்கையை இலங்கை அரசே சில நாளில் 253 அளவுக்குக் குறைத்தது. தேடப்படுபவர் என்று அந்நாட்டுப் போலீஸ் வெளியிட்ட ஒரு படம், சம்பந்தமே இல்லாத அமெரிக்கக் கல்லூரி மாணவியுடையது. போலீஸ் தவற்றை ஒத்துக்கொண்டது. அதற்குள் படம் உலகம் முழுக்கப் போய்விட்டது.

என்னை வருத்துவது அடுத்து நடந்ததுதான். மூவர் கொண்டுவந்ததும் உண்மையான தகவல்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் “அது உங்க ஆளுங்க சேனல்ல வந்தது” என்று யாராவது ஒருவர் எழுந்தார்கள். தன் சனத்துக்கு எதிரான சார்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அடுத்தவர் பட்டதைக் காட்டினால் நம்ப ஆளில்லை. இதே பிள்ளைகள் சாயங்காலம் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆடியோவை அப்படியே நம்புகிறார்கள். நாளைக்குக் கடலோரத்தில் நிஜமாகவே ஓர் ஆபத்து என்று செய்தி வந்தாலும் அதை நம்ப ஆளிருக்காது.

பத்திரிகை கவுன்சில் கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்பிலேயே இல்லை. அதனால் உங்களிடமே கேட்கிறேன். போலீஸ் சொன்னது எது, நீதிமன்றத்தில் நிரூபணமானது எது என்று பிரித்து எழுதுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே ஊர்ப் பெயரைத் தலைப்பில் ஏற்றாதீர்கள். கைது முதல் பக்கத்தில் வந்திருந்தால் விடுதலையும் முதல் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் வரட்டும். பத்து வருடம் கழித்து வந்தாலும் சரி.

இப்படிக்கு,
முதுகலை மாணவி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.